சந்தனம் பட்ட பார்சல்

பேஸ்போல் என்றால் என்னவென்று பண்டத்தரிப்பில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் முழிப்பார்கள். கணக்குப் படிப்பிக்கிற அருட்செல்வன் மாஸ்டரும் அந்த விளையாட்டை ஒருநாளும் விளையாடியவரில்லை. ஆனால் நூறு வருசத்துக்கு முன்பு அமெரிக்க மிஷன்காரருக்குக் கப்பலில் வந்த பந்து, மட்டை, கையுறை என்று யாழ்ப்பாணம் முழுக்க மோப்பம் பிடித்துத் திரிந்து ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். அதிலும் அவருடைய கிறுக்கு பந்தில் இல்லை, பந்து வந்த பெட்டியில். பந்தை எல்லாரும் வைத்திருப்பார்கள், அதைச் சுற்றி வந்த தாளையும் கட்டி வந்த நூலையும் எவன் வைத்திருப்பான் என்று கேட்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார்கள்.

அவர் சேர்த்ததிலெல்லாம் உச்சம், கொடிகாமத்து ஏரம்பு வீட்டுப் பார்சல். ஏரம்புவின் பூட்டன் மிஷன் பங்களாக் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். மண்ணிறத் தாள், சணல் நூல், அமெரிக்க முத்திரைகள், அவற்றின் மேல் திகதியோடு வட்டமாக விழுந்த தபால் சீல், ஊதா மையில் எழுதிய விலாசம். உள்ளே அட்டைப்பெட்டி, அதற்குள் பந்து. மாஸ்டர் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

தொடச் சொன்னாலும் அவருடைய மனைவி கேதீஸ்வரி தொட்டிருக்கமாட்டாள். போன வருசம் அவளுடைய அப்பா சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். இரவு முழுக்கக் கண்விழித்தவள், முழுகிவிட்டு வருகிறேன், அதுவரை கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று புருசனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து ஏரம்பு போனில் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து ஒருவர் பார்சலை விலைக்குக் கேட்டு வந்து நிற்கிறாராம், உடனே வரட்டாம். கொடிகாமம் பக்கத்தில்தானே என்று மாஸ்டர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பார்சலோடு திரும்பி வந்தபோது மாமனாரின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொந்தம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் அந்த மனிதர் போய்ச் சேர்ந்திருந்தார்.

கேதீஸ்வரி கத்தவில்லை, குழறவில்லை. கத்தியிருந்தால் மாஸ்டர் தப்பியிருப்பார். சாப்பாடு போட்டாள், சேட்டு வேட்டியைத் தோய்த்துக் காயவிட்டாள், அவரோடு கதைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற வழி தெரியாமல் மாஸ்டர் அறைக்குள் போய்ப் பெட்டிகளுக்குத் தூசி தட்டினார். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஊமை வீடாகக் கிடந்தது. அவள் ஒரு தடவை வாய் திறந்து பேசினால் போதும் என்று அவர் கும்பிடாத கோயிலில்லை.

அப்பாவின் ஆட்டத்திவசம், முதல் வருசத் திதி, முடிந்து துக்கம் கழிந்தது. வீட்டில் நடக்கிற முதல் பூசையாக நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று காலையில் அவளாகவே முற்றத்துக்கு வந்தாள்.

“கதலிப் பழமும் நல்ல வெத்திலையும் பார்த்து வாங்கிக்கொண்டு வாங்கோ. கெதியாய் வாங்கோ, என்ன.”

அந்த ‘என்ன’ ஒன்றுக்காகத்தான் மனிதர் ஒரு வருசம் காத்துக் கிடந்தார். கடைக்குப் போகும்போது தன்னையறியாமல் தேவாரம் முணுமுணுத்தார்.

திரும்பி வந்து பார்த்தால் விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் அவளுடைய தையல் மெசின், மண்வெட்டி, அரிவாள், அவருடைய கணக்குப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால், தலைவாழையிலையில் அந்தப் பார்சல். முத்திரைக்குப் பக்கத்தில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். இன்னும் ஈரம் காயவில்லை.

“ஐயோ! ஆரடி உதிலை கை வைச்சது? உனக்கு மூளை இருக்கே? என்ரை சீவனையெல்லே நாசமாக்கிப் போட்டாய்!”

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளை அவர் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். ‘அடி’யும் ‘நீ’யும் அன்றுதான் அந்த வாயிலிருந்து வந்தன. அவல் தட்டோடு வந்த கேதீஸ்வரி தட்டை மெசின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்து, சீலைத் தலைப்பைச் செம்புத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். சந்தனத்தைச் சும்மா காய விட்டிருந்தால் பொருக்காக உதிர்ந்து போயிருக்கும். அது மாஸ்டருக்குத் தெரியாததா? ஆனால் கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் ஊதா மை கரைந்து ஓடியது, ஒரு முத்திரை வழுகியது, தாள் உரிந்துகொண்டு வந்தது.

அவள் கையை எடுத்தாள்.

“அப்பாவைத் தனிய விட்டுட்டுப் போய் வாங்கின பெட்டி எண்டு, இதைக் கண்டாலே எனக்குப் பத்தியெரியும்,” என்றாள். “பிறகு யோசிச்சன். பெட்டி என்ன செய்யும்? உங்கடை உசிர் இதுக்குள்ளைதான் கிடக்குது. இதையும் சாமிக்கு முன்னாலை வைச்சு, எல்லாத்தையும் இண்டையோடை மறந்து விடுவம் எண்டுதான் பொட்டு வைச்சனான்.”

மாஸ்டருக்கு வெட்கத்தில் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து இலையிலிருந்த பார்சலை எடுத்தார்.

“நான் மடையன், கேதீஸ். யோசியாமல் கத்திப்போட்டன். பெட்டி போனால் போகட்டும், எனக்கு நீர்தான் வேணும்.”

சொன்னதில் ஒரு துளி பொய்யில்லை, கண்ணிலே தண்ணீர்கூட நின்றது. ஆனால் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைகள் பார்சலை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பியிருந்தன. பெருவிரல் சீல் இருந்த இடத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

கேதீஸ்வரி அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திகதி இருக்கோ?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஓம், திகதி தப்பிட்டுது!” என்றார் மாஸ்டர், முகமெல்லாம் மலர.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அவள் குசினிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.