படத்தில் ஆள் இல்லை

செத்துப் பிழைத்து வந்தவரிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: உன்னைக் காப்பாற்றியது யார்? கஸ்பார் எஞ்சின் நம்பரைச் சொன்னார்.

பொய்யில்லை, அப்படியேதான் சொன்னார். "அறுநூத்திப் பதினேழு. சிவப்பு. சக்கரத்துக்கு மேல எண்ணெய் ஒழுகியிருந்துச்சு. கண்ணாடி துடைக்கிற கை புதுசு." ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு சொன்னார். அவர் மனைவி ரெகுலா தலையில் அடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். போன அக்டோபரில் கஸ்பார் தன் ஊரான வின்டர்தூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, ரயில் மாறி ரயில் மாறி, மலைமேல் இருக்கும் ஃபிலிசூர் ஸ்டேஷனுக்குப் போனார். மலையில் லார்ச் மரமெல்லாம் மஞ்சளாகிற சமயம் அது. அந்த நாட்களில் ரயிலைப் படம் எடுக்கும் கிறுக்கு பிடித்தவன் எவனும் வீடு தங்க மாட்டான். பாலத்தைத் தாண்டி வண்டி வந்தது, நின்றது. கஸ்பார் காமிராவைத் தூக்கினார், நெஞ்சைப் பிடித்தார், விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. நடைமேடையில் இருந்த யாரோ ஓர் அம்மாள் ஓடிவந்து, மண்டி போட்டு, அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருந்த மின்அதிர்ச்சிக் கருவியை எடுத்துவரச் சொல்லி அதையும் வைத்தாள். ஹெலிகாப்டர் வரும்வரை விடவில்லை. நடுவில் ஒரு தடவை கஸ்பாருக்குக் கண் திறந்தது. மேலே ஒரு முகம் இருந்தது. அந்த மகராசன் அதைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற எஞ்சினைப் பார்த்தார்.

அந்த அம்மாள் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள். மலைக்காரர்கள் அப்படித்தான். செய்ய வேண்டியதைச் செய்வார்கள், கையைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

உடம்பு தேறியது. கஸ்பாருக்கு மனசு தேறவில்லை. காலையில் கண் விழித்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போகும். அடிக்கிறது என்று தெரிந்ததும் ஒரு சந்தோஷம் வரும், பாருங்கள், சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி. ஜன்னலில் பனி, அடுப்பில் காபி, கீழே ரெகுலா யாரையோ போனில் திட்டுகிற சத்தம், எல்லாமே யாரோ ஓர் அம்மாள் கொடுத்தது. யாருக்கு நன்றி சொல்வது? ரெகுலா ஃபிலிசூர் ஸ்டேஷனுக்கே போய் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டிவிட்டு வந்தாள். குளிர்காலம் முழுக்க ஒரு போனும் வரவில்லை.

"எஞ்சினுக்கு வேணா ஒரு மாலை போட்டுட்டு வருவோமா?" என்றாள் ஒருநாள், வாய் சும்மா இருக்காமல்.

"ரெகுலா, இதுல விளையாடாத. எனக்கு அந்த முகத்தைப் பாக்கணும். பாக்காம செத்தேன்னா, பிழைச்சு வந்ததுக்கு அர்த்தமே இல்ல."

அவள் அதற்குப் பிறகு விளையாடவில்லை.

யோசனை அவருக்குப் பிப்ரவரியில் வந்தது. ரயில் கிறுக்கர்கள் சங்கத்தில் அவர் பழைய உறுப்பினர். அந்த மஞ்சள் மாதத்தில் அந்தப் பாதையில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு காமிரா நின்றிருக்கும். யாராவது ஒருத்தன் அந்த நேரம் ஃபிலிசூரைப் படம் எடுக்காமலா இருந்திருப்பான்? அடுத்த கூட்டத்தில், லான்ட்குவார்ட் ஸ்டேஷன் உணவகத்தில், பார்லி சூப்புக்கு நடுவில் எழுந்து கேட்டார். மறுநாளே படங்கள் கொட்ட ஆரம்பித்தன. கிறுக்கர்களானாலும் தங்கமான மனுஷர்கள்.

ரெகுலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எஞ்சின், பெட்டி, பாலம், மஞ்சள் மரம், நீல வானம். மறுபடி எஞ்சின். முடிவில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஏன் கஸ்பார், இதுல ஒரு ஆள்கூட இல்லையே? ஏறுறவன் இல்ல, இறங்குறவன் இல்ல. என்ன, பேய் ஓட்டுற ரயிலா இது?"

கஸ்பாருக்கு முகம் தொங்கிவிட்டது. இது அவருக்குத் தெரியாததா என்ன? படத்தில் ஆள் நுழைந்தால் படம் போச்சு, அதுதான் அவர்கள் சட்டம். ஆள் விலகும்வரை காத்திருப்பார்கள். விலகாவிட்டால் கத்துவார்கள். கத்தியும் போகாவிட்டால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஆளை மட்டும் அழித்துவிடுவார்கள். கஸ்பாரே எத்தனை குடும்பத்தை "கொஞ்சம் தள்ளுங்க, தள்ளுங்க!" என்று விரட்டியிருக்கிறார்!

மே மாதம் சங்கத்தின் சுற்றுப்பயணம் வந்தது. பழைய மரப்பெட்டிகள், முன்னால் 'முதலை' என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடும் மண்ணிற எஞ்சின். பெர்கூனுக்கு மேலே மலை வளைவில் ஓரிடத்தில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். வண்டி பின்னால் போய், படத்துக்காகவே மறுபடி ஏறிவரும். அந்த ஒரு காட்சிக்காக ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. கஸ்பாருக்கு டாக்டர் அனுமதி கொடுத்த முதல் பயணம். ரெகுலா இந்த மாதிரிப் பயணத்துக்கு எப்போதாவதுதான் வருவாள். இந்தத் தடவை, "விழுந்தா தூக்க ஆள் வேணும்ல" என்று மாத்திரை டப்பாவோடு ஏறிக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டி ஃபிலிசூரில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கஸ்பார் நேராக விளக்குக் கம்பத்தடிக்குப் போனார்.

"இங்கதான் விழுந்தேன்," என்றார், பக்கத்தில் வந்த ஃப்ளூரினிடம். "தலை இந்தப் பக்கம். எஞ்சின் அங்க."

ஃப்ளூரின் சங்கத்திலேயே பெரிய படக்காரன். அவன் படத்தில் ஒரு காக்கை தேவையில்லாமல் பறக்காது. அவன் கம்பத்தைப் பார்த்தான், எதிரே மலைச்சரிவைப் பார்த்தான், மறுபடி கம்பத்தைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"என்னடா, உனக்கும் நெஞ்சு வலியா?" என்றார் கஸ்பார்.

"வா, உள்ள வா. ரெகுலாவையும் கூப்பிடு."

வண்டி கிளம்பி பெர்கூனை நோக்கி ஏற ஆரம்பித்தது. ஃப்ளூரின் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"நான் உனக்கு ஒரு படம் அனுப்பினேன்ல, அறுநூத்திப் பதினேழு ஃபிலிசூர்ல நிக்கிற மாதிரி? மலை மேலருந்து எடுத்தது. அதுல நடைமேடையில ரெண்டு உருவம் இருந்துச்சு கஸ்பார். ஒண்ணு படுத்திருந்துச்சு, ஒண்ணு குனிஞ்சிருந்துச்சு. மேலருந்து பாக்க ரெண்டு மூட்டை மாதிரி. எவனோ குடிச்சிட்டு கிடக்கான்னு நெனச்சேன். படம் கெட்டுப்போச்சேன்னு… அழிச்சிட்டேன்."

"என்னையா?"

"உன்னைத்தான். உன்னையும் அந்த அம்மாவையும். மத்த படங்கள்ல அழிச்ச மாதிரியே அழிச்சிட்டு மறந்தும் போயிட்டேன். இப்ப நீ அந்தக் கம்பத்தடியில நின்னப்பதான்… என்னை என்ன வேணா சொல்லு."

கஸ்பார் அவனைப் பார்த்தார். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி! எமன் அழிக்க முடியாதவனை நீ அழிச்சிட்டியேடா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூலப் படம் இருக்கா?"

"எந்தப் படத்தையும் நான் தூக்கிப் போட்டதில்ல."

திறந்தான். பெரிதாக்கினான். மஞ்சள் மரங்களுக்குக் கீழே, சிவப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில், கஸ்பார் கிடந்தார். மேலே நீலச் சட்டை போட்ட ஒருத்தி, இரண்டு கையும் விறைக்க, முழு எடையையும் அவர் நெஞ்சில் இறக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை, நரைத்த பின்னல்தான் தெரிந்தது. கஸ்பார் விரலால் அந்தப் பின்னலைத் தொட்டார். பேச்சு வரவில்லை.

ரெகுலாவுக்குப் பேச்சு எப்போதும் வரும். "சுத்தி என்னமோ சிதறிக் கிடக்கே. அதைப் பெருசாக்கு. இன்னும். ஐயோ பாவம், கேக் டப்பா! அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்திருக்கா. மூடியில என்ன அது, ஆடா?"

"தொப்பி போட்ட ஆடு," என்றான் ஃப்ளூரின்.

"பெர்கூன் ரொட்டிக்கடை!" ரெகுலா எழுந்தே நின்றுவிட்டாள். "ஸ்டேஷன்லருந்து கீழ இறங்குற தெருவுல இதே ஆடு போட்ட பலகை தொங்கும். நீங்கல்லாம் தண்டவாளத்தையே பாத்துட்டு நிப்பீங்க, நான் கடைத்தெரு பாப்பேன். எடு பையை!"

பெர்கூனில் வண்டி சற்று நேரம்தான் நிற்கும். இறங்கினால் வளைவுக் காட்சி போய்விடும். கஸ்பார் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஃப்ளூரின்.

"நீ எதுக்குடா? உன் முதலை போயிடும்."

"போனா போகுது," என்றான் ஃப்ளூரின். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று சங்கத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கடைக்குள் வெண்ணெயும் வறுத்த கொட்டையும் மணந்தது. கல்லாவுக்குப் பின்னால், முழங்கைவரை மாவோடு, நரைத்த பின்னல் போட்ட ஓர் அம்மாள் நின்றிருந்தாள். குளிர்காலம் முழுக்க கஸ்பார் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். வாயைத் திறந்தார்.

"ஒரு… ஒரு கொட்டைக் கேக்," என்றார்.

"சின்னதா, பெருசா?"

ரெகுலா முழங்கையால் இடித்தாள். அவர் மரம்போல நின்றார். கடைசியில் அவளே சொன்னாள்: "அம்மா, போன அக்டோபர்ல ஃபிலிசூர் நடைமேடையில ஒருத்தர் விழுந்தாரு. நீங்கதானே…"

அந்த அம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். எதற்கோ தயாராகிறவள் போல இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டாள்.

"நீங்க அவரு சம்சாரமா? என்னை மன்னிச்சிருங்க. என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். ஆனா என் கைக்குக் கீழ எலும்பு படக்குன்னு உடைஞ்சுச்சு. எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் அழுத்தினேன். ஹெலிகாப்டர்ல ஏத்தும்போது முகம் சாம்பலா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், சொந்தக்காரங்களான்னாங்க, இல்லைன்னேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. நான்தான் கொன்னுட்டேன்னு…"

"ஐயோ, என்னம்மா நீங்க! இதோ நிக்கிறாரே!" ரெகுலா கஸ்பாரைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

அந்த அம்மாள் பார்த்தாள். நம்பவில்லை. மேலும் கீழும் பார்த்தாள். கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, கேட்காமல் கொள்ளாமல், உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தாள். கறுப்புக் கோட்டில் வெள்ளை மாவு அப்பியது. வைத்த கையை எடுக்கவில்லை.

"அடிக்குது," என்றாள். பிறகு உள்பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்: "அடுப்பை விட்டுட்டு வெளிய வா! அந்த ஆளு சாகல! நான் கொல்லல!" கத்தியவள் அப்படியே உடைந்து அழுதாள். உள்ளேயிருந்து ஓடிவந்த கணவர் சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

கஸ்பாருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ரெண்டு எலும்பு உடைஞ்சுச்சு. ரெண்டும் கூடிடுச்சு. உடையாம அழுத்தியிருந்தா நான் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு." மூச்சு வாங்கினார். "உங்களைத் தேடி முன்னாலயே வந்திருக்கணும். ஆனா நான்… நான் உங்க முகத்தைப் பாக்கவே இல்லம்மா. எஞ்சினைப் பாத்துட்டுக் கிடந்தேன். வெக்கமா இருக்கு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நான்தானே சொன்னேன்! 'கண்ணை மூடாதீங்க, எதையாவது பாத்துட்டே இருங்க'ன்னு காதுல கத்தினேன். நீங்க எஞ்சினைப் பாத்தீங்க. நானும் நெனச்சேன், சரி, இந்த ஆளுக்கு அது பிடிச்சிருக்கு, பாக்கட்டும், போகாம இருந்தா சரின்னு."

கஸ்பார் அந்த முகத்தைப் பார்த்தார். வட்ட முகம், மூக்கு நுனியில் மாவு, கண்ணைச் சுற்றிச் சுருக்கம், அழுது சிவந்த பழுப்புக் கண். கண்ணை எடுக்காமல் பார்த்தார். மேலே மலையில் முதலை ஊதிக்கொண்டு வளைவில் ஏறியது. ஃப்ளூரின்கூடத் தலையைத் திருப்பவில்லை.

"நன்றின்னு சொன்னா பத்தாது," என்றார். "காலையில எந்திரிச்சதும்…"

அவள் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்து நீட்டினாள். "என் பேரு மெங்கியா," என்றாள். "எலும்பை உடைச்சவகிட்ட என்ன வாங்க போங்க? நீன்னே சொல்லு."

"கஸ்பார்."

"உக்காரு கஸ்பார். சாப்பிடு. உனக்கு நான் சொல்லணும் நன்றி. நீ உயிரோட வந்தியே, அதுக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரிய கேக்காகப் பார்த்து எடுத்தாள். "வாராவாரம் தாவோசுல மக ஓட்டலுக்கு நான்தான் ரயில்ல கேக் கொண்டு போவேன். ஃபிலிசூர்ல மாறணும். அந்த நடைமேடையை நெனச்சாலே கால் வராது. அன்னையிலருந்து மருமகன் கார்லதான் அனுப்புறேன்."

கத்தியை வைத்து அழுத்தி ஒரு துண்டு வெட்டினாள். வெட்டிக்கொண்டே, நிமிராமல், கணவரிடம் சொன்னாள்:

"நாளைக்கு மருமகனை வர வேணாம்னு சொல்லிடு. நான் ரயில்லயே போறேன்."