மூலையில் நிற்பவன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் லெய்மோமி கஹானு. ஹீலோ துறைமுகத்து மீன் சந்தையில், சூரை மீனை வெட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்து முதல் வரி எழுதினேன்: ‘பலானி கஹானு மல்யுத்த மேடைக்குத் தனியாக வந்த அன்று…’

அடித்துவிட்டேன். தனியாக வந்தானா என்பதுதான் தெரியவில்லையே.

2

(தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.) அண்ணன் இயோகெபா, தம்பி பலானி. அறுபதுகளில் கஹானு சகோதரர்கள் என்றால் எந்தத் தீவிலும் அரங்கு நிரம்பும். இருவர் அணி ஆட்டம். உள்ளே அடிவாங்குகிறவன் தவழ்ந்துபோய், மூலையில் கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டாளியின் கையைத் தொட வேண்டும்; தொட்டால் அவன் உள்ளே பாய்வான். அண்ணன் கைக்காகத் தம்பி தவழும்போது ஜனம் பெஞ்சுமேல் ஏறி நிற்கும். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். வாங்குகிற அடி நிஜம்.

ஒரு காலையில் இயோகெபா ஓபிஹிச் சிப்பி பெயர்க்கக் கடற்பாறைக்குப் போனான். அலை கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. லெய்மோமி அவன் மனைவி.

3

சில மாதம் கழித்துப் பலானி ஒற்றைக்கு ஒற்றை ஆட ஒப்புக்கொண்டான். எதிரி ப்ராக்டர், அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து அன்றுதான் வந்து இறங்கியவன். பலானி தோற்பதாக ஏற்பாடு. விழுந்தவன், பழக்கத்தில், மூலைக்குத் தவழ்ந்தான். காலி மூலையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

கையை யாரோ தொட்டார்கள்.

[இங்கே ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன்: வியர்வை, தலையில் பட்ட அடி, துக்கம். எல்லாம் பொருந்தத்தான் செய்தது. ஆனால் ப்ராக்டர்…]

ப்ராக்டர், ஏற்பாட்டை மீறி, குப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை. பிறகு உடை மாற்றும் அறையில் பலானியிடம் வந்து முதுகைக் காட்டினான்.

“உன் கூட்டாளிகிட்ட சொல்லு. அடுத்த தடவை கையைத் துடைச்சிட்டு வரட்டும்.”

இயோகெபா செத்தது அவனுக்குத் தெரியாது. முதுகில் ஒரு கை பதிந்து, காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

4

ஆட்டம் நடத்துகிற ஒகாமுரா, செத்த அண்ணன் கை கொடுப்பதையே சுவரொட்டியாக அடித்தார். பலானியும் தொடர்ந்து ஆடச் சம்மதித்தான். பேராசை என்று ஒரு வரி எழுதி, வெட்டினேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அந்தக் கையைத் தொட அவனுக்கு வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான். ஊர் ஊராக நீட்டினான். ஒவ்வொரு முறையும் கை வந்தது. ஆனால் வரவரத் தோல் ஊறித் தளர்ந்தது. பிறகு பிடியில் விரல்கள் குறைந்தன.

பலானி தங்கியிருந்த ஹொனலூலுவுக்கே லெய்மோமி புறப்பட்டு வந்தாள்.

“ஆட்டம் இருக்கிற சாயங்காலமெல்லாம் உங்கண்ணன் கடல்லேருந்து ஏறி வர்றாரு, பலானி. என் வாசலைத் தாண்டித்தான் போறாரு. கூப்பிட்டா நிக்கிறதில்ல.”

“எனக்கு அவர் வேணும், அண்ணி.”

“எனக்கு மட்டும் வேணாமா? நடக்க முடியல அவரால. காலை இழுத்து இழுத்து வர்றாரு.”

பலானி ஆட்ட உடையை மடித்துப் பைக்குள் வைத்தான் என்றாள். (பதில் ஒன்று நான் எழுதி வைத்திருந்தேன். சேர்க்கவில்லை.)

5

அவள் ஊர் திரும்பிய பிறகு நடந்த ஆட்டத்தில் பலானி விழுந்தான். மூலை எட்டும் தூரத்தில் இருந்தது. ஜனம் ‘நீட்டு, நீட்டு’ என்று தரையை உதைத்தது. மேல்கயிறு, யாரோ சாய்ந்து நிற்பதுபோல, உள்பக்கமாக வளைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். கையை நெஞ்சுக்கு அடியில் மடக்கி, அதன்மேல் படுத்துக்கொண்டான். நடுவர் பத்துவரை எண்ணி, அவன் தோற்றான் என்றார்.

அதற்குப் பிறகு பலானி மேடை ஏறவில்லை. அந்த அரங்கையும் இடித்துவிட்டார்கள்.

6

முதல் முடிவு: இயோகெபா கடலுக்குத் திரும்பினான், லெய்மோமி நிம்மதியாகத் தூங்கினாள்.

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். அந்தச் சாயங்காலம் அவர் போகும் காலடி கேட்டது, கடலுக்குத் திரும்பும் சத்தம் இன்றுவரை கேட்கவில்லை என்றாள்.

இரண்டாவது முடிவு: இடித்த இடத்தில், கயிறுகூட இல்லாத மூலையில், இயோகெபா இன்னமும் கையை நீட்டிக்கொண்டு…

எனக்கு முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். எப்படி முடித்தாலும் சரி, அந்த மனிதனை எங்கேயாவது உட்கார வையுங்கள்.