அண்டாவில் வெட்டிய பேர்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருவில் மொத்தம் பதினோரு வீடு. விசேஷத்துக்கு விசேஷம் வாடகைப் பாத்திரம் தேடிப் பாடி கடைத்தெருவுக்கு அலைவானேன் என்று, எண்பத்தெட்டாம் வருஷம் பெண்கள் சேர்ந்து பொதுவில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா வாங்கினார்கள். கடைக்குப் போய் வாங்கி வந்தவள் முதல் வீட்டு லோகநாயகி. விளிம்புக்குக் கீழே பதினோரு பேர் பெயரையும் வெட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

அண்டாவுக்கு முதல் விசேஷம் ஏழாம் வீட்டு வசந்தகுமாரியுடையது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் பத்மாவுக்கு நிச்சயதார்த்தம். திருத்தணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்; அவர்களும் இவர்களைப் போலவே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வியாழக்கிழமை காலையில் அண்டாவைத் தேய்த்து வைக்க வாசலில் உருட்டினவள், ஆசையாகத் தன் பெயரைத் தேடினாள். லோகநாயகி, புஷ்பா, பார்வதம், கன்னியம்மாள் என்று வரிசையாக வந்தது. ஏழாவதாக 'கொல்டியம்மா' என்றிருந்தது. ஒன்பதாவதாக 'துலுக்கம்மா'.

கையிலிருந்த தேங்காய் நாரைக்கூடக் கீழே போடவில்லை. நேரே போய் லோகநாயகி வாசலில் நின்றாள்.

"லோகநாயகி, என் பேரு இன்னா?"

"இன்னாடி காலங்காத்தால? உள்ள வா, காப்பி குடி."

"காப்பி கெடக்கட்டும். என் பேரச் சொல்லு."

லோகநாயகி சிரித்துவிட்டாள். "ஓ, அண்டாவப் பாத்தியா? கடைக்காரன் அவசரப்படுத்திகினே இருந்தான். சட்டுனு பேரு வர்ல. தெருவே அப்டித்தானே சொல்லுது? ஒரு அடையாளத்துக்கு எழுதினேன்."

"பன்னெண்டு வருஷமா ஒரே அடிபம்புல தண்ணி புடிக்கறோம். உனக்கு டைஃபாய்டு வந்தப்போ மாசம் முழுக்கக் கஞ்சி தூக்கிகினு வந்தேன். அப்பவும் அடையாளந்தானா?"

"அய்ய, அது இன்னா கெட்ட வார்த்தையா? நீ தெலுங்குதானே?"

"தெலுங்குதான். தெலுங்கம்மான்னு எழுதியிருந்தாக்கூட வவுறு எரியாது. ஊட்டுக்காரரு ஃபேக்டரில சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களாம். இங்கிலீஷ்ல தெலுங்குன்னு எழுதிப் பின்னாலேர்ந்து படிச்சா அந்த வார்த்த வருதாம். நெசமோ பொய்யோ, வேல இல்லாதவன் எவனோ கெளப்பி வுட்டான். எங்கம்மா பேசின பாஷையத் தலைகீழாத் தொங்கவுட்டு என் கழுத்துல மாட்டுவியா? எங்க தாத்தா பொறந்ததே இந்த அம்பத்தூர்ல. உன் மாமனாரு வந்தவாசிலேர்ந்து வண்டி ஏறி வந்தவரு. நான் வெளியாளு, நீ ஊர்க்காரியா?"

லோகநாயகிக்கும் சூடு ஏறியது. "ரொம்பப் பேசாத. உங்க ஊட்டுல நீங்க தமிழாளுங்க எங்கள இன்னான்னு சொல்றீங்க? அரவ வாள்ளு, அரவ வாள்ளுன்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அரவம்னா பாம்பு. நாங்க பாம்பாடி?"

வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. அம்மா சொன்னதைக் கேட்டு அவளும் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

"சொல்லியிருக்கேன்" என்றாள். "ஊட்டுக்குள்ள வாயால சொன்னேன். தப்புதான், இனிமே சொல்லல. பாத்திரத்துல வெட்டிகினு வந்து உன் வாசல்ல கவுத்து வெச்சேனா? உன் சம்பந்திக்குப் படிக்கக் குடுத்தேனா?"

"வெட்டினது வெட்டினதுதான். இன்னா பண்ணச் சொல்ற?" என்று லோகநாயகி கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஒன்பதாம் வீட்டு ஜுலைகா, அண்டாவின் முன்னால் குந்தி எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன் வசந்தா. எங்கத்தா பூந்தமல்லில பூ கட்டி வித்தவரு. எங்கம்மா தமிழ்லதான் தாலாட்டுனா. துலுக்குன்னா துருக்கியாம், அது எந்தத் திக்குல கீதுன்னுகூடத் தெரியாது. அந்த ஊர்ப்பேர வெச்சு என்னைக் கூப்புடறாங்க. வுடு, பழகிப் பூட்ச்சு."

"பழகக் கூடாதுக்கா. அதான் தப்பு."

வசந்தகுமாரியின் புருஷன் நாகேந்திரன் வேறு யோசனை சொன்னான். "சம்பந்தி கண்ணுல படாம அந்தப் பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி வெச்சிரலாம். நல்ல நாள்ல வம்பு எதுக்கு?"

"அவ வெட்டுவா, நான் ஒளிச்சு வெக்கணுமா? வெக்கப்பட வேண்டியவ நான் இல்லங்க."

மறுநாள் அண்டாவை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிப் பாடிக்குக் கொண்டுபோனாள். பெயர் வெட்டுகிற அப்பாவு புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெட்டின எழுத்த அழிக்க முடியாதும்மா. ராவினா தகடு தேஞ்சி ஓட்ட வுழும்."

"அழிக்க வேணாம் நைனா. கோயில் டியூப்லைட்டுல உபயம்னு எழுதறாங்க இல்ல? அந்த மாதிரி ரெண்டு பேருக்கும் கீழ வெட்டு. 'இந்தப் பேர் உபயம்: லோகநாயகி'."

அப்பாவு மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "சரியான பேரையும் பக்கத்துல வெட்டட்டுமா?"

"வேணாம். அத அவ வாயால சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. தட்டு மாற்றி முடித்து, முதல் பந்தி உட்கார்ந்தது. தெருப் பழக்கம் மாறாமல் லோகநாயகியும் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாற வந்திருந்தாள். சண்டை போட்டாலும் விசேஷத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள் அந்தத் தெருவில். சாம்பார் சாதம் நிறைந்த அண்டா, எழுத்து வெளியே தெரிய, பந்தலுக்கு நடுவில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா மறுசோற்றுக்குக் காத்திருந்தபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கொல்டியம்மா... இந்தப் பேர் உபயம்... லோகநாயகி." அவள் முகம் சுருங்கியது. "யாரும்மா அந்த லோகநாயகி?"

லோகநாயகி குனிந்து எழுத்தைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து சாதம் அவள் பட்டுப்புடவையில் சொட்டியது.

"நான்தாங்க."

"எங்க சம்பந்திக்குப் பேரு இல்லியா?"

"இருக்குதுங்க. வசந்தகுமாரிங்க. வசந்தகுமாரி."

சம்பந்தியம்மாளின் விரல் 'துலுக்கம்மா'வுக்குப் போயிற்று.

"அப்ப, இந்தம்மா?"

"அவங்க பேரு..." என்று இழுத்தாள் லோகநாயகி. அவளுக்கு அது தெரியாது. பந்தியின் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜுலைகாவைப் பார்த்தாள். பிறகு கெஞ்சுகிற கண்ணோடு வசந்தகுமாரியைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்கற? அவங்க அங்கதான கீறாங்க" என்றாள் வசந்தகுமாரி. "போய்க் கேளு."

லோகநாயகி கரண்டியை அண்டாவுக்குள் வைத்துவிட்டு, அத்தனை இலைகளையும் தாண்டி, ஜுலைகாவை நோக்கி நடந்தாள்.