கைடும் டிரைவரும் பேசிக்கொள்ளாத படகு

எங்கள் எதிர்வீட்டுக்காரி ஏரிப் படகில் கைடு. அவள் புருஷன் அதே படகுக்கு டிரைவர்; தெருவில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டு முன் அறையை அக்கா குடும்பத்துக்கு விடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன கையோடு, திங்கட்கிழமை முதல் தன்னை ஊர் சுற்றும் பஸ்ஸுக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டும்விட்டாள். இருவரும் சேர்ந்து போகும் கடைசி ஞாயிறு அது. தெரு சார்பில் யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா? டிக்கெட் எடுத்தேன்.

மூன்று பக்கம் ஊர், ஒரு பக்கம் மலை, வடக்கே ஆறு வந்து விழுகிறது, தெற்கே மதகு வழியாகப் போகிறது என்று மைக்கில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். கோட்டை வந்ததும் குரல் மாறியது.

"இதைக் கட்டின ராஜா, வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம்னு ராணியைக் கேட்டுத்தான் வெச்சாராம்."

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அப்படியொரு ராணியைக் கேள்விப்பட்டதில்லை. முன்சீட்டுத் தொப்பிக்காரர் மட்டும் பயபக்தியோடு தலையாட்டினார். அடுத்து, பழைய உப்பு குடோன்கள் ஹோட்டலான கதை. முன்கட்டை வந்தவர்களுக்கு விட்டுவிட்டு முதலாளி பின்கட்டில் முடங்கிப் போனாராம். ஊமைக்கோட்டானின் காது சிவந்தது. கலங்கரை விளக்கத் தீவருகே இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து அவளருகே வந்தான்.

"அக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

மைக் அணைக்கப்படவில்லை. படகு முழுக்கக் கேட்டது.

"எப்போ?"

"காலையில."

"அதை வந்து சொல்றதுக்கென்ன?"

"வந்தேன். சகலை வாசல்லயே உக்காந்திருந்தார். அவர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

சகலை ஒருவருக்குக் கூச்சப்பட்டவன், ஒரு படகுக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

இது எந்தக் காலத்துச் சம்பவம் என்று தொப்பிக்காரர் கேட்டார்.

"இப்பத்தான் சார்," என்று மைக்கை அணைத்தவள், ஸ்டியரிங் பக்கம் போய் அவனோடு நின்றுகொண்டாள்.

அவன் மறுபடி கிளப்பிய இன்ஜின் சத்தத்தில் அப்புறம் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. தொங்குபாலம் வந்தது, மீன் அங்காடி வந்தது. சொல்ல ஆளில்லை, நாங்களே பார்த்துக்கொண்டோம். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வேறொரு பெண் போனாள்.