உற்றுப் பார்க்கக் கூடாத சிவப்பு

மகள் கட்டிக்கொள்ளப் போகிறவன் கீழே கூடத்தில் உட்கார்ந்திருக்க, பல் டாக்டருக்கு மொட்டைமாடியிலும் இருப்புக் கொள்ளவில்லை. மாதக்கணக்கில் வீங்கிச் சுருங்கி, மங்கிப் பிரகாசிக்கும், அவர் இரவுதோறும் பார்த்துக் குறித்துவரும் சிவப்பு ராட்சத நட்சத்திரம் பார்க்கப் பார்க்கத் தணலாய் எரிந்தது.

“ஏய், வெடிக்கப் போகுது!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். “நேத்து மாதிரியேதான் இருக்கு. சிவப்பு நட்சத்திரத்தை உத்துப் பாத்தா கண்ணு ஏமாத்தும், சட்டுனு பாத்துட்டுத் திரும்பிடணும்னு சொன்னது நீங்கதானே?”

டாக்டர் அசடு வழிந்தார்.

“அந்தப் பையனையும் வந்ததுலேருந்து முறைச்சு முறைச்சுத்தான் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடிச்சீங்க. கீழ வாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பையன் பதறி எழுந்தான். டாக்டர் அவனை ஒரு நொடி பார்த்தார். உடனே மின்விசிறியைப் பார்த்தார்.

“பரவால்லியே,” என்றார் மின்விசிறியிடம். “உக்காருப்பா.”