கார்கிவ் பிடி

எட்மண்டன் மாதா கோயில் மண்டபத்தில், பந்தூரா என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் குழுவின் முதல் நாற்காலி செனோவியாவுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு அதற்கு ஆபத்து வந்தது. போருக்குத் தப்பி கார்கிவ் நகரிலிருந்து வந்த யாரினா, தோளில் பந்தூராவோடு ஒத்திகைக்கு வந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தாள். குழுவே எழுந்து நின்று கைதட்டியது. செனோவியா மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் கடவுள் அவளைக் கைவிடவில்லை. யாரினா வாத்தியத்தைச் சாய்த்துப் பிடித்து, இடக்கையால் கழுத்துப் பக்கத் தந்திகளை மட்டும் மீட்டினாள். கார்கிவிலேயே இப்போது பெரும்பாலும் அப்படித்தான். எட்மண்டன்காரர்களோ, அந்தக் காலத்தில் அங்கிருந்து ஓடி வந்தவர்கள் கொண்டுவந்த கார்கிவ் முறையை விடவே இல்லை. வாத்தியம் சபையை நேராகப் பார்க்க வேண்டும்; இரண்டு கையும் எல்லாத் தந்தியிலும் ஓட வேண்டும்.

"பிடியே தப்பா இருக்கேம்மா," என்றாள் செனோவியா. "கார்கிவ்ல இப்படிப் பிடிக்க மாட்டாங்க."

"நான் கார்கிவ்தான் அக்கா."

"நீ இருக்கலாம். பிடி இல்லையே."

இதைச் சொன்னவள் டொராண்டோவைத் தாண்டி எங்கும் போனதில்லை. கமிட்டியும் தலையாட்டியது. யாரினாவைச் சமையலறையில் வரேனிகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்குப் பூரணம் வைக்க அனுப்பினார்கள். அவள் முணுமுணுக்காமல் போனாள். அதுதான் செனோவியாவைக் கொஞ்சம் உறுத்தியது.

கச்சேரிக்குச் சுவரொட்டி அடித்தார்கள். 'அசல் கார்கிவ் பந்தூரா' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் செனோவியாதான். விளைவு, புதிதாய் வந்திருந்த கார்கிவ்காரர்கள் அத்தனை பேரும் வந்து மண்டபத்தை நிரப்பிவிட்டார்கள். அவளும் உள்ளபடியே நன்றாக வாசித்தாள்.

முடிந்ததும் ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி மேடையேறினார். கண் கலங்கியிருந்தது.

"கார்கிவ்ல எந்தத் தெரும்மா நீ?"

செனோவியா குனிந்து தந்தியைத் துடைக்கத் தொடங்கினாள். வரேனிகித் தட்டோடு வந்த யாரினா முந்திக்கொண்டாள்.

"எங்க தெருதான் தாத்தா. பக்கத்து வீடு."

காப்பாற்றினாளா, குத்தினாளா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீயும் வாசிப்பாயா என்று பெரியவர் அவளிடம் விசாரித்தார். வாசிப்பேன், பிடிதான் சரியில்லையாம் என்றாள் யாரினா.

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "கவலப்படாத. இவங்ககிட்ட உக்காந்து கத்துக்க. அசல் கார்கிவ்காரி, பாத்தாலே தெரியுது."

செனோவியா ஆசைப்பட்ட பட்டம் ஊரறியக் கிடைத்துவிட்டது. வெட்கத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. எழுந்து, யாரினாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நீ உக்காரு," என்றாள். "எப்படி வேணா பிடிச்சுக்க."