மூவாயிரத்து இருநூறு முறை சின்னவளின் முகம்

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கணினியில், படம் திருத்தும் மென்பொருளுக்குள், ஆயிரத்துச் சொச்சம் பிரீசெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பிரீசெட் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு படத்துக்கு வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செய்ததைப் பெயர் வைத்துச் சேமித்துக்கொள்வது. அடுத்த படத்துக்கு ஒரு சொடுக்கு போதும். அவற்றை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவனுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. இந்த வேலையை வேறு யார் தலையிலாவது கட்டினால் என்ன என்று தோன்றியது. மாட்டியவள் சின்னவள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'ஸ்டுடியோவின் ஜன்னல் வழியே மாலை வெயில் மெல்ல' — வேண்டாம். ஸ்டுடியோக்காரர்கள் ஜன்னலைத் திரை போட்டு மூடித்தான் வைப்பார்கள்.

'மனிதர்கள் அனைவருமே ஒரு வகையில்' — இதற்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை.

மூன்றாவது இது. அக்கா, தங்கை. அக்கா பதினைந்து வருடமாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறாள். தங்கைக்கு, அதாவது சின்னவளுக்கு, வயது முப்பத்தாறு. அலுவலக வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அக்கா வீட்டு மாடி அறையில் சாப்பிடுவதும் படுப்பதுமாக இருந்தவளை அக்கா ஒருநாள் கடைக்கு இழுத்து வந்தாள்.

"புதுக் கம்ப்யூட்டர் வருது. பழசுல இருக்கிற பிரீசெட்டையெல்லாம் பிரிச்சு வை. வேண்டாதத கழிச்சுக் கட்டு. ஒழுங்கா முடிச்சிட்டேன்னா பள்ளிக்கூட ஆர்டர் மொத்தமும் உன் பொறுப்பு. நான் தலையிடவே மாட்டேன்."

"நீயா? தலையிடாம இருப்பியா?"

"வாயே தொறக்க மாட்டேன், போதுமா?"

சின்னவள் சிரித்தாள். ஆனால் அன்று மாடியேறும்போதே கணக்குப் போட்டாள். அந்த ஆர்டர் கைக்கு வந்துவிட்டால், அக்கா போடும் சோற்றை இனித் தலைகுனியாமல் சாப்பிடலாம்.

3

மொத்தம் 3,214. அக்கா வைத்திருந்த பெயர்களில் சில: 'புதுசு', 'புதுசு 2', 'மாப்பிள்ளை வேர்வை', 'அழாத குழந்தை', 'கடைசி', 'இதான் கடைசி சத்தியமா'. (இவை நான் கற்பனை செய்தவை. என்னுடையவற்றின் பெயர்கள் இதைவிட மோசம்.)

பிரீசெட்டின் பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோனால், திறந்து வைத்திருக்கும் படம் அதில் எப்படி மாறும் என்று மென்பொருள் காட்டும். அதற்கென்று அக்கா ஒரே படத்தைத்தான் வைத்திருந்தாள். இருபத்தொரு வயதில் சின்னவள். கடை திறந்த வாரம், அசையாமல் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டபோது எடுத்தது. பதினைந்து வருடமாக அக்கா செய்த, வாங்கிய, இரவல் பெற்ற அத்தனை பிரீசெட்டும் அந்த முகத்தில் போட்டுப் பார்க்கப்பட்டவை.

முதல் நாள் சின்னவள் முறையாகத்தான் பிரித்தாள். உள்ளே எடுத்தது, வெளியே எடுத்தது, கறுப்பு வெள்ளை. இரண்டாம் நாள், ஒன்றுபோல் இருந்தவற்றைக் கழித்தாள். மூன்றாம் நாள் ஒரு பிரீசெட்டில் முகம் பளிச்சென்று வந்தது. 'அட, நல்லாத்தான் இருக்கோம்' என்று அதை வைத்துக்கொண்டாள். அடுத்ததில் அதே முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து தெரிந்தது. நீக்கினாள். அதற்குப் பிறகு யோசிக்கவே இல்லை, கை தன் பாட்டுக்குப் போனது.

அக்கா சிவப்பு. உறவுக்காரர்கள் வந்தால், "பெரியவ அப்படியே அம்மா நிறம். சின்னவ... நல்லாப் படிக்கிறா" என்பார்கள். அந்த மூன்று புள்ளிகளுக்குள் வளர்ந்தவள் சின்னவள்.

* இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்தாறு வயதுக்காரி இப்படியா செய்வாள்? என் பிரீசெட்டுகளை என் படத்திலேயே போட்டுப் பார்த்தேன். முதலில் நான் நீக்கியது என் வழுக்கையை எடுத்துக் காட்டியதை. சந்தேகம் தீர்ந்தது.

நான்காம் நாள் மிஞ்சியவை 412. வரிசையாக, பெயரோடு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. அக்கா பட்டியலை மட்டும் பார்த்தாள். "பரவால்லயே, வேலை சுத்தம்" என்றாள்.

4

பள்ளிக்கூட ஆர்டரில் அறுநூற்று நாற்பது பிள்ளைகள். மரத்தடியில், சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தவை. நூறு படம் முடிந்திருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றி ஐந்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை.

வெளுத்த பிள்ளைகளுக்கு மூக்கே காணோம். கறுத்த பிள்ளைகள் சாம்பல் பூசியது போலிருந்தார்கள். மிஞ்சிய 412-ம் ஏதோ ஒரு வகையில் முகத்தை வெளுக்கவைப்பவை.

"மர நிழலுக்குன்னு நாப்பது அம்பது இருக்குமே, எங்கடி?"

"கழிச்சிட்டேன்."

"எதை வச்சுக் கழிச்ச?"

5

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அக்காவின் மேசை டிராயரில். அது பழுதாகிவிட்டதாகவும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பதினைந்து வருடம் தொழில் செய்தவளிடம் நல்ல பேக்கப் ஒன்று இல்லையென்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே பிரீசெட்டுகள் பத்திரம். மாட்டிக்கொண்டிருப்பது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பதில் ஒன்று: "எல்லாம் ஒண்ணு போலத் தெரிஞ்சுதுக்கா." பொய். இந்தத் தொழிலில் கண் இல்லாதவள் என்று பெயர் வாங்கிவிடுவாள். ஆர்டரும் போய்விடும்.

பதில் இரண்டு: "எதுல நான் நல்லா இருந்தேனோ அத வச்சுக்கிட்டேன்." உண்மை. ஆனால் இதை அக்காவிடம் சொல்வதைவிட மாடியறைக்கே திரும்பிப் போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

இரண்டில் எதைச் சொல்வது என்று அவள் முடிவு செய்வதற்குள் அக்கா டிராயரிலிருந்த பேக்கப் டிஸ்க்கைச் செருகி, கழிந்த 2,802-ஐயும் திரும்பக் கொண்டுவந்து, மாதிரிப் படத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். மஞ்சளாகச் சின்னவள். நீலமாகச் சின்னவள். இருண்டு, வீங்கி, நோயாளியைப் போலச் சின்னவள். நாற்பதைத் தாண்டியதும் அக்காவின் கை நின்றது. புரிந்துவிட்டது.

'எனக்கு நீ எப்பவுமே அழகுதான்டி' என்று அக்கா — இல்லை. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

அவள் சொன்னது இது: "பதினஞ்சு வருஷமா இந்தப் படத்த வச்சுத்தான் எல்லாம் செஞ்சேன். தோல் சரியா வருதான்னு பாத்தேன். உன்னைப் பாக்கல."

சின்னவள் நிமிர்ந்தாள்.

"இப்பப் பாத்துச் சொல்லு. நான் எப்படி இருக்கேன்?"

அக்கா எல்லாப் பிரீசெட்டையும் எடுத்துவிட்டாள். எதுவும் போடாத படம் திரையில் நின்றது.

6

இனி அக்கா ஏதாவது சொல்லியாக வேண்டும். அவளுக்காக நான்கு வாக்கியங்கள் எழுதினேன், நான்கையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் சின்னவளைக் கொஞ்சம் வெளுக்கவைத்தது. எனக்கும் கை தன் பாட்டுக்குத்தான் போகிறது.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையை அவள் பார்க்கவில்லை, அக்காவின் வாயைப் பார்க்கிறாள். மீதி ஐநூற்று நாற்பது பிள்ளைகளுக்காக நாளைக் காலை அவள் மாடியிறங்கி வருவதும் வராததும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.